இடப்பக்கப் பின்னிருக்கை

பேய், ஆவி, காத்து, கருப்பு என்னும் சொற்கள் எந்தெந்த ஊரில் எந்தெந்தப் பொருளில் வழங்குகின்றன என்று கேட்டால் நான் அரைநாள் பேசுவேன். அவற்றுள் ஒன்றேனும் உண்மையில் உண்டா என்று கேட்டால், இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவேன். கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்று, திருவொற்றியூரில் தேரடிக்கு அண்மையில் தனியே வாழ்பவன் நான். இன்றும் என் விடை அதுவே. ஆனால் அதைச் சொல்லுமுன் இப்போதெல்லாம் சற்றே தயங்குகிறேன். அத்தயக்கம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் நம்பியே ஆகவேண்டும் என்பதில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால், எழுதியவருக்கு வயதாகிவிட்டது என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டியிருப்பேன்.

என் தம்பி மகள் கயல்விழி உலங்கூர்தி ஓட்டுபவள். ஹெலிகாப்டர் என்றால்தான் பலருக்கும் விளங்குகிறது. நான் உலங்கூர்தி என்றே எழுதிப் பழகியவன், பொறுத்துக்கொள்ளுங்கள். எண்ணூர்க் கழிமுகத்தை வானிலிருந்து படமெடுக்கும் பணியைத் தனியார் நில அளவை நிறுவனமொன்று ஏற்றிருந்தது. ஆறு முன்பு பாய்ந்து பிற்பாடு தூர்ந்துபோன ஓடைகளின் தடத்தைக் கண்டறிய வேண்டும். அக்கரையோரத்து இடப்பெயர்களைப் பற்றி நான் ஒரு நூல் எழுதியிருந்தமையால், மேலிருந்து பார்த்து இது இன்ன ஓடை, அது இன்ன திட்டு என்று சுட்டிக்காட்ட என்னை அழைத்துப்போகலாம் என்று கயல் சொல்லியிருக்கிறாள், நிறுவனத்தாரும் இசைந்துவிட்டார்கள்.

அந்தப் பறப்பு எனக்கு ஓர் உலாதான், அவளுக்கோ வாழ்க்கை. குழந்தை பிறந்தபின் நெடுநாள் வானேறாமல் இருந்து, உரிமத்தைப் புதுப்பித்து, அந்நிறுவனத்தில் சேர்ந்து, அவளை நம்பி ஒப்படைக்கப்பட்ட முதற்பணி அது. மேலாளர் சந்தானம் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருந்தார்: இது நல்லபடியாக முடிந்தால் அவள் நிலையான விமானி, இல்லையேல் அலுவலக மேசை, அவளுடைய இடத்துக்கு வேறொருவர் ஆயத்தமாக இருக்கிறார். அதிலும் ஒரு நெருக்கடி இருந்தது. காலையில் கடல்நீர் வற்றி நிற்கும் சிறுபொழுதில்தான் சேற்றுத்திட்டுகள் வெளியே தெரியும். நீர் ஏறிவிட்டால் அன்றைய வேலை போயிற்று.

எண்ணூர் விரைவுச்சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைக் கடந்து உள்ளே திரும்பினால் கம்பிவேலியிட்ட ஒரு திடல். நடுவே வெள்ளை வட்டம் தீட்டிய சிமென்ட் தளம். அதன்மேல் நான்கு இருக்கை கொண்ட சிறிய உலங்கூர்தி நின்றுகொண்டிருந்தது. அப்போது நல்ல வெயில். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இத்தகைய கதைகளில் எப்போதும் இருட்டாகவே இருக்கும். எனக்கு அந்தச் சாக்குகூடக் கிடையாது.

முதலில் எங்களை எடைபோட்டார்கள். ஏறுகிறவர் கையில் என்ன வைத்திருக்கிறாரோ அதனுடனேயே எடைபோட வேண்டுமாம். எடைப்பொறியைத் தூக்கிவந்தவன் ஏகாம்பரம். வியாசர்பாடிக்காரன், நாற்பது வயதிருக்கும். எரிபொருள் ஊற்றுவதும் இயந்திரம் முடுக்கும்போது தீயணைப்புக் குடுவையோடு நிற்பதும் அவன் வேலை. நான் குடையை ஓரமாகச் சாத்திவிட்டு ஏறப்போனேன்.

"கொடையையும் தூக்கிக்கினு ஏறு வாத்தியாரே. அது மட்டும் இன்னா, தனியா பறந்தா வரப்போவுது?" என்றான்.

ஏறினேன். முள் என் வழக்கமான எடையைக் காட்டியது. குடைக்கு ஏதோ கொஞ்சம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கயல் ஊர்தியைச் சுற்றிவரத் தொடங்கினாள். கண்ணால் மட்டும் பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் கையால் தொட்டாள். வால் சுழலியின் இறக்கையைத் தடவி விரிசல் உண்டா என்று பார்த்தாள். எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்து ஒரு சிறு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் வடித்து வெயிலுக்கு நேரே பிடித்தாள்; கடற்காற்றில் நின்ற தொட்டிக்குள் நீர் கசிந்திருந்தால் அது அடியில் தனியே தங்கிக் காட்டிக்கொடுத்துவிடுமாம். நானும் இயல்பிலேயே ஐயுறவு மிகுந்தவன், பால் பையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே வாங்குபவன், ஆகவே அந்தச் செயல் எனக்கு மிகவும் பிடித்தது. பாதிச் சுற்றில் சந்தானம் குறுக்கிட்டு, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். அவள் விடை சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடராமல், தொடங்கிய கதவருகே திரும்பிப்போய் முதலிலிருந்து மறுபடி தொட்டுக்கொண்டே வந்தாள். நடுவில் பேச்சு விழுந்தால் அப்படித்தானாம். சந்தானம் தம் காரருகே போய் நின்றுகொண்டார்.

நேற்று மாலைதானே எல்லாம் பார்த்தாய் என்று கேட்டேன்.

"நேத்து பார்த்தது நேத்தோட சரி பெரியப்பா. ராத்திரி இங்க எது வந்துச்சு, என்ன பண்ணுச்சுன்னு எனக்குத் தெரியாதே. கார்ன்னா ஓரங்கட்டலாம். மேல ஓரம் கிடையாது."

சோதனையை எங்கே செய்கிறோம் என்பதும் முதன்மையானது என்றாள். இறக்கை கொண்ட பெரிய விமானங்கள் ஓடுதளத்துக்குள் நுழையுமுன் அதன் ஓரத்தில் காற்றுக்கு எதிர்முகமாக நின்று இயந்திரத்தை உறுமவிட்டுப் பார்க்கும். உலங்கூர்திக்கு அந்த ஓரம் வேண்டியதில்லை. நின்ற இடத்திலேயே எல்லாம். இயந்திரம் அணைந்திருக்கையில் ஒன்று, ஓடுகையில் ஒன்று, கடைசியாகத் தரையைவிட்டு முழங்கால் உயரம் எழும்பி அங்கேயே அசையாமல் மிதந்து ஒன்று. அந்த மிதப்பில்தான் ஊர்தி உண்மையைச் சொல்லும் என்றாள். யார் எவ்வளவு எடை, யார் எந்தப் பக்கம் என்று தாளில் எதையும் எழுதிவிடலாம். தூக்கிப் பார்த்தால் கையிலுள்ள இயக்குகோல் காட்டிக்கொடுத்துவிடும். பொய் தெரிந்தால் அப்படியே கீழே வைத்துவிடலாம். அதற்கு அதுதான் கடைசி இடம்.

ஓட்டுபவள் முன்னே வலப்பக்கம். படக்கருவியோடு சந்தானம் முன்னே இடப்பக்கம், ஆள் கனமானவர். அதை ஈடுகட்டவே என்னை அவளுக்குப் பின்னே, வலப்பக்கம் அமர்த்தினாள். என் இடப்பக்கத்து இருக்கை காலி. ஆளில்லாத அந்த இருக்கையின் பட்டையையும் பூட்டி, இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும்படி இழுத்து இறுக்கினாள். தளர்வாக விட்டால் கதவிடுக்கில் சிக்கி வெளியே தொங்கும் என்றாள். குடையை ஏகாம்பரம் வாங்கிக்கொண்டான்.

இயந்திரம் ஓடியது. செவிக்கருவிக்குள் அவளுடைய குரல் அமைதியாக ஒவ்வொன்றையும் சொல்லிச் சரிபார்த்தது. எழும்பினோம். எழும்பிய மறுநொடியே என் இடப்பக்கம் தாழ்ந்தது. ஓடத்தில் ஒருவர் ஓரமாக வந்து அமர்ந்தால் எப்படித் தாழுமோ அப்படி. சட்டென்று, ஒரேயடியாக, பிறகு அங்கேயே நிலைத்துவிட்டது. கயல் கோலை வலப்பக்கம் சாய்த்துச் சில நொடிகள் பிடித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கீழே வைத்தாள்.

"பின்னாடி யாரு என்ன ஏத்தினது?" என்றாள்.

யாரும் எதுவும் ஏற்றவில்லை. இயந்திரத்தை அணைத்துவிட்டுத் தேடத் தொடங்கினோம். இருக்கைகளுக்கு அடியில் பொருள் வைக்கும் பெட்டிகள் உண்டு, எல்லாம் வெறுமை. தொட்டியில் எரிபொருளைக் கோல்விட்டு அளந்தாள், சரி. ஊர்தி தரையில் ஊன்றி நிற்கும் சறுக்குக் கால்களில் கட்டுக்கயிறோ சேறோ ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள், இல்லை. காலி இருக்கையின் பட்டை அவள் இறுக்கியபடியே இருந்தது. எங்கள் கண்முன்னே அதை மறுபடி ஒருமுறை இழுத்து இறுக்கினாள்.

என் ஐயம் ஏகாம்பரத்தின் மீது பாய்ந்தது. துறைமுகத்துக்கு அருகில் உள்ள இடம். எதை எவர் எதில் ஒளித்து எங்கே அனுப்புவார் என்று யார் கண்டார்? நேற்றிரவு இங்கே காவலுக்கு இருந்தது யார் என்று அவனிடம் கேட்டேன். கேட்ட தொனியிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நான்தான் இருந்தேன். வோணும்னா என் பாக்கெட்ட தடவிக்கோ. ஒரு ஆள் வெயிட்டுக்கு நான் இன்னா கடத்த முடியும், யானையா? உன் வயசுக்கு மரியாதி குடுத்துகினு கீறேன் வாத்தியாரே" என்றான். முகம் கறுத்துவிட்டது.

சந்தானத்தின் ஐயமோ வேறு திசையில் போயிற்று. அவர் தூத்துக்குடிப் பக்கத்து வணிகக் குடும்பத்தவர். குரலை உயர்த்தாமலே குத்தத் தெரிந்தவர். கயலைத் தனியே அழைத்து, ஆனால் எனக்குக் கேட்கும்படியாக, "ரொம்ப நாளாச்சுல்லா, கை பழகாம இருக்கும். பயமா இருந்தா இப்பமே சொல்லிருங்க, வேற ஆள வரச்சொல்லிருவோம்" என்றார்.

கயல் எடைப்பொறியை மறுபடி எடுத்துவரச் சொன்னாள். என்னை மீண்டும் எடைபோட்டாள். குடை நீங்கலாக, முன்பு காட்டியதையே முள் காட்டியது.

அதன்பின் அவள் செய்ததை நான் அப்போது பிடிவாதம் என்று நினைத்தேன். ஒவ்வொருவராக மாற்றி எழும்பிப் பார்த்தாள். சந்தானத்தை இறக்கிவிட்டு என்னோடு எழும்பினாள். இடப்பக்கப் பின்புறம் தாழ்ந்தது. என்னை இறக்கிவிட்டுச் சந்தானத்தோடு எழும்பினாள். ஊர்தி நேராக மிதந்தது. ஒருவேளை என் இருக்கையில்தான் கோளாறோ என்று, ஏறத்தாழ என்னளவே எடையுள்ள ஏகாம்பரத்தை அங்கே அமர்த்தி எழும்பினாள். அப்போதும் நேராகவே மிதந்தது. காற்று அவ்வளவு நேரமும் ஒரே சீராகக் கடலிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. வேலியில் கட்டியிருந்த துணிப்பட்டை சாட்சி. கடைசியாக, காலி இருக்கையின் பட்டையை மறுபடி இழுத்து இறுக்கிவிட்டு, மீண்டும் என்னை ஏற்றினாள். நானும் அவளும் மட்டும். என்மீதே எனக்கு ஐயம் வந்துவிட்டதால் இம்முறை இரு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு வலப்பக்கக் கதவோடு ஒட்டி அமர்ந்தேன்.

எழும்பினோம். என் இடப்பக்கம் தாழ்ந்தது. நம்பினால் நம்புங்கள், அந்த இருக்கையின் மெத்தையை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அதில் பள்ளம் ஏதும் விழவில்லை, ஒன்றும் அசையவில்லை. வெளியே நின்ற ஏகாம்பரம் இரு கைகளையும் கீழ்நோக்கி ஆட்டி இறக்கச்சொன்னான்.

நாங்கள் இறங்கிய பிறகு ஏகாம்பரம் சந்தானத்திடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "ஆள் ஏறிக் குந்தினா எப்டி சாயுமோ அப்டி சாஞ்சிது சார். மூட்டை வச்சா இப்டி சாயாது. மூட்டை ஆடாது. இது கொஞ்சம் நகந்து குந்துச்சு."

நான் அதை நம்பவில்லை. என்மீதிருந்த சினத்தில் என்னை அச்சுறுத்தப் பேசுகிறான் என்றே கொண்டேன். ஆனால் கயல் இடப்பக்கப் பின்கதவைத் திறந்து அங்கேயே நின்றுவிட்டாள். அருகில் போனேன். காலி இருக்கையின் பட்டை பூட்டியபடியேதான் இருந்தது. ஆனால் இருக்கையோடு ஒட்டியிருக்கவில்லை. வளர்ந்த ஆள் ஒருவரின் இடுப்புக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு தளர்ந்திருந்தது. அவள் தன் கையை அதனடியில் நுழைத்தாள். முழங்கைவரை தடையின்றிப் போயிற்று.

"நீங்க தொட்டீங்களா பெரியப்பா?"

இல்லை என்றேன். அவள் என்னை நோக்கிய நோக்கை இன்னும் மறக்கவில்லை. நம்பாமல் பார்க்கவில்லை, நம்பிவிட்டுப் பார்த்தாள். பிறகு பட்டையை மறுபடி இழுத்து இறுக்கிக் கதவைச் சாத்தினாள். சந்தானத்திடம் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கழிமுகத்தில் நீர் திரும்பத் தொடங்கியிருந்தது. சந்தானத்தின் கையில் கைப்பேசி. மற்ற விமானியை அழைக்கப்போகிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. எடை கூடுதலாகவே இருந்தாலும் இயந்திரம் தாங்குமல்லவா, பெரியவர் வராவிட்டால் படமெடுத்து என்ன பயன், எல்லாரும் ஏறுங்கள், புறப்படுவோம் என்றார்.

கயல் நிமிர்ந்து நின்றாள். "தாங்கும் சார். ஆனா எவ்ளோன்னு எனக்குத் தெரியணும். கணக்குல வராத ஆளை நான் ஏத்தமாட்டேன்."

ஆள் என்றாள். எடை என்றோ சுமை என்றோ சொல்லவில்லை. சொற்களை நிறுத்துப் பேசாதவர்களைத் திருத்துவதே தொழிலாக இருந்தவன் நான், அன்று திருத்தவில்லை. சந்தானமும் திருத்தவில்லை. கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

வழி ஒன்றுதான் இருந்தது. நான் சந்தானத்தின் காரின் முன்பக்கத்தில் வரைபடத்தை விரித்து, பழைய ஓடைகள் எங்கெங்கே ஓடியிருக்கக்கூடும் என்று நீலப் பென்சிலால் கோடிட்டுக் கொடுத்தேன். கொசஸ்தலையாறு வளையும் இடத்தில் எதைத் தேட வேண்டும் என்றும் விளக்கினேன். அதை வைத்துக்கொண்டு அவர்கள் இருவரும் ஏறினார்கள். கயல் மறுபடியும் கதவருகே தொடங்கி முழுச்சுற்றும் வந்தாள். அவசரம் என்று ஒன்றையும் விட்டுவிடவில்லை. மிதந்தாள். நேராக இருந்தது. மூக்கைத் தாழ்த்தி, அலையாத்திச் செடிகளுக்கு மேலே ஏறி, புகைபோக்கிகளுக்கு அப்பால் போய்ச் சிறிதானாள்.

திடலில் நானும் ஏகாம்பரமும் மட்டும் நின்றோம். நான் அவனை ஐயுற்றதற்கு வருத்தம் சொல்லலாமா என்று எண்ணிக்கொண்டிருந்தபோது அவன் கொட்டகைக்குள் போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிவந்தான். ஒன்றை எனக்குப் போட்டான். மற்றொன்றை அதற்கு இடப்பக்கத்தில் போட்டான். பிறகு அவன் அதில் அமராமல், சற்றுத் தள்ளிச் சிமென்ட் விளிம்பில் குந்திக்கொண்டான்.

நாற்காலி இருக்கிறதே, அமரலாமே என்றேன்.

"இருக்கட்டும் வாத்தியாரே" என்றான். கேலி இல்லை. நாற்காலியைப் பார்க்கவும் இல்லை. அவர்கள் திரும்பிவரும்வரை எண்ணூர்க் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

படங்கள் நன்றாக அமைந்தன; தூர்ந்த ஓடைகளுள் பெரும்பாலானவை நான் கோடிட்ட இடங்களிலேயே இருந்தன. கயலின் வேலையும் நிலைத்தது. சந்தானம் அதன்பிறகு அவளைக் கை பழகாதவள் என்று சொன்னதில்லை. இவ்வளவோடு முடிந்திருந்தால், சிறிய ஊர்தி, இயந்திரக் கோளாறு, தற்செயல் என்று நானும் முடித்திருப்பேன்.

நான் எல்லாரையும் ஐயுற்றுப் பார்த்துவிட்டேன். ஏகாம்பரம் பட்டையைத் தளர்த்தியிருப்பானோ? அவன் வெளியே நின்றான். கயல் வந்து திறக்கும்வரை அந்தக் கதவு சாத்தியே இருந்தது. என்னை அழைத்துப்போக விரும்பாமல் கயலே கோலைச் சாய்த்து நாடகம் ஆடினாளோ? அவளுக்கு அதனால் என்ன ஆதாயம், தன் பிழைப்பையே அல்லவா பணயம் வைத்திருப்பாள்? ஒருநாள் அவளிடமே நேராகக் கேட்டேன். "நீங்க வீட்ல தனியாத்தான் இருக்கீங்களா பெரியப்பா?" என்று திருப்பிக் கேட்டாள். ஆம் என்றேன். அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

உங்களுக்கு நெருங்கியவர் எவரேனும் அண்மையில் இறந்தாரா என்று நீங்கள் கேட்பீர்கள்; இதைக் கேட்டவரெல்லாம் அதையே கேட்கிறார்கள். என் வயதில் இறந்தவர்களுக்கா பஞ்சம்? மனைவி, தம்பி, உடன் பணிசெய்தோர் என்று வேண்டிய அளவு இருக்கிறார்கள். அவர்களுள் எவரை என்று ஐயுறுவது? அன்றியும், எனக்கு அறிமுகமானவராகத்தான் இருக்கவேண்டும் என்று என்ன விதி?

ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். வண்ணாரப்பேட்டைக்கோ இராயபுரத்துக்கோ போக நான் ஆட்டோ பிடிப்பதுண்டு. அன்றுமுதல் வலப்பக்க ஓரமாகவே அமர்கிறேன். இடப்பக்கத்தில் கைப்பையைக்கூட வைப்பதில்லை. எல்லா ஓட்டுநரும் அல்லர், சிலர்தான். ஆனால் அந்தச் சிலர் வண்டியை முடுக்கியபின், புறப்படுமுன், ஒருகணம் நிறுத்தி வெளியே தலையை நீட்டிப் பின்சக்கரத்தைப் பார்க்கிறார்கள். சென்ற வாரம் ஒருவர் இறங்கியே வந்து காலால் அழுத்திப் பார்த்தார். காற்று சரியாகத்தான் இருந்தது போலும். மறுபடி ஏறிக்கொண்டார். ஏன் பார்த்தீர்கள் என்று நான் யாரையும் கேட்பதில்லை.

அவர்கள் பார்ப்பது எப்போதும் இடப்பக்கச் சக்கரத்தை.